நகராட்சி மண்டபமும் ஆலயப் பீடமும்: சபை நடைமுறை நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

சகோதரி, மற்றவர்களுக்கும் விளங்கும்படி உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சென்னையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவர். உங்கள் மகளுக்குப் பிரான்சில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரியைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கர்கள். அங்குள்ள பங்குத்தந்தை, நகராட்சியில் திருமணம் முடிந்ததற்கான சான்றைக் காட்டினால்தான் ஆலயத்தில் மணம் முடித்து வைக்க முடியும் என்று சொல்லிவிட்டார். "அப்படியானால் ஆலயத்தில் நடப்பது வெறும் சடங்குதானா? வேதம் ஒன்றாயிருக்க, சபையின் நடைமுறை ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?" என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

வெறும் சடங்கு இல்லை. அந்தப் பங்குத்தந்தை தம் நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறார். நம் போதகரும் இங்கே அதையேதான் செய்கிறார், நமக்குப் பழகிவிட்டதால் அது கண்ணில் படுவதில்லை. சென்னையில் ஒரு சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபையின்) செயலராகப் பதினேழு ஆண்டுகள் இருந்து, திருமணப் பதிவேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் என் கையால் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாம் சபை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பெரும்பங்கு, ஏதோ ஒரு நாட்டின் சட்டமோ ஏதோ ஒரு மண்ணின் வழக்கமோ காலப்போக்கில் சபைக்குள் வந்து உறைந்ததுதான்.

முதலில் பிரான்ஸ். அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் ஒரு காலத்தில் பங்குக் குருக்களிடமே இருந்தன. புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், அவை நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அன்றிலிருந்து சட்டத்தின் பார்வையில் திருமணம் என்பது நகராட்சித் தலைவர் முன்னிலையில் நடப்பது மட்டுமே. குடிமைத் திருமணம் நடந்ததற்கான சான்றைப் பார்க்காமல் வழக்கமாகச் சமயத் திருமணம் நடத்தி வைக்கும் குருவுக்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்க இன்றைய பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே உங்கள் பங்குத்தந்தை கறாராக இருப்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அரசையும் சமயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு முன் கட்டப்பட்ட ஆலயங்களில் பெரும்பாலானவற்றின் உடைமை உள்ளாட்சிகளிடம் இருக்கிறது. பேராலயங்கள் அரசுக்குச் சொந்தம். அதே நாட்டில், 1905-இல் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ்-மோசெல் பகுதியில் மட்டும் இன்றும் குருக்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. ஒரே நாட்டின் ஒரே திருச்சபைக்குள்ளேயே எல்லைக்கோடு நகர்ந்ததால் நடைமுறை இரண்டாகிப்போனதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் புதுச்சேரிக்காரர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள 1881-ஆம் ஆண்டின் ஆணை அங்குள்ளவர்களுக்கு வழி செய்தது. அப்படித் துறந்தவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். நம் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நகராட்சியில் மணம் முடித்துவிட்டு ஆலயத்துக்குப் போகும் முறை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கண்ட முறை.

இனி நம் சென்னைக்கு வருவோம். இங்கே போதகர் ஆலயத்தில் நடத்தி வைத்ததும் அதுவே சட்டப்படியான திருமணம் ஆகிறது. அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருவது 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெற்றவர்கள் அந்தப் பட்டத்தின் பேரிலேயே மணம் முடித்து வைக்கலாம். மற்ற சபைகளின் ஊழியர்கள் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இதை அறியாமல் உரிமமில்லாத ஊழியரிடம் மணம் முடித்துக்கொண்டு, ஆண்டுகள் கழித்து விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது சான்று இல்லாமல் தவித்த தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய விசுவாசத்தில் குறையில்லை, காகிதத்தில்தான் குறை. போதாததற்கு, எல்லா மதத்தினரின் திருமணங்களையும் பதிவு செய்வதை 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது.

அந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, ஆயரின் சிறப்பு உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, திருமணம் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. ஒரு டிசம்பர் மாதம், மழை நாள், மாலை ஐந்தரை மணித் திருமணம். மணப்பெண்ணின் கார் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஆறரை தாண்டித்தான் ஆலய வாசலுக்கு வந்தது. போதகர் பாடல்களைக் குறைத்தார், அருளுரையைக் கடைசிக்குத் தள்ளினார், வாக்குறுதிகளை நேராகத் தொடங்கினார். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் வந்து, "ஏன் ஐயா இவ்வளவு அவசரம்? கடவுளுக்குக் கடிகாரமா இருக்கிறது?" என்று கேட்டார். "கடவுளுக்கு இல்லை ஐயா, இந்தப் பதிவேட்டுக்கு இருக்கிறது" என்றேன். ஏழு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது. பிறகு ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் மருதாணி சிவந்த விரல்களால் அந்தப் பெண் கையொப்பமிட்டபோது மை சற்று இழுபட்டது; அந்தப் பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு வேதத்தில் ஒரு வசனமும் இல்லை. மறைவில் திருமணம் நடப்பதைத் தடுக்க இங்கிலாந்து வைத்த விதியின் சாயல் இது. இங்கிலாந்து தன் நேரக் கட்டுப்பாட்டை 2012-இல் நீக்கிவிட்டது. நாம் இன்னும் வைத்திருக்கிறோம். மூன்று ஞாயிறு ஆலயத்தில் திருமண அறிவிப்பைப் படிக்கும் ஓலை வாசிப்பும் அப்படித்தான்: 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம் வகுத்த முன்னறிவிப்பு விதி, 1753-இல் இங்கிலாந்தின் திருமணச் சட்டத்துக்குள் புகுந்து, கப்பலேறி நம் ஆலயங்களுக்கு வந்தது.

திருமணத்தைப் பிரிப்பதிலும் இரண்டு அதிகாரங்கள் உரசிக்கொள்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தால் அது திருச்சபைக்குள் மட்டும் செல்லும். 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தை அது மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலும் 2017-இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே விவாகரத்துச் சட்டம் 2001 வரை, மனைவியின் ஒழுக்கத் தவறு ஒன்றே கணவனுக்குப் போதும், மனைவிக்கோ கணவனின் ஒழுக்கத் தவறோடு கொடுமை போன்ற இன்னொரு குற்றமும் வேண்டும் என்று வைத்திருந்தது. அதை நீதி என்று நம் சபைகளில் பலர் நம்பியும் இருந்தார்கள். அது விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நியாயம். சுவிசேஷத்தின் நியாயம் ஒருபோதும் ஆகாது.

சட்டத்தைப் போலவே வழக்கமும் பேசும். உங்கள் கடிதத்தில் தாலியைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தாலி இந்த மண்ணில் எளிதாகச் சபைக்குள் வரவில்லை. 1703-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய போப்பின் தூதர் துர்னோன், அடுத்த ஆண்டு பிறப்பித்த ஆணையில், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், 108 இழைகளைத் திரித்து மஞ்சள் பூசிய தாலிக் கயிற்றையும் தடை செய்தார். சிலுவையோ மாதா உருவமோ பொறித்த வேறு தாலியை அணியலாம் என்றார். இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி மதுரையில் காவி உடுத்தி, பூணூலையும் சந்தனத்தையும் குடிமை வழக்கம் என்று வாதாடி, 1623-இல் போப்பின் அனுமதி பெற்ற கதையின் மறுபக்கம் இது. இன்று நம் தாலியில் இருக்கும் சிலுவையும் புறாவும் அந்த நீண்ட வழக்கின் தீர்ப்பு என்றே சொல்லலாம். ஆனால் உங்கள் மகள் உடுத்தப்போகும் வெண்ணிறப் பட்டின்மேல் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. மணப்பெண் வெண்மை உடுத்துவது விக்டோரியா அரசி 1840-இல் தம் திருமணத்தில் உடுத்திய பிறகு பரவிய நாகரிகம். நம் பாட்டிமாருக்கு வெள்ளைச் சேலை எதைக் குறித்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தாலியை அஞ்ஞான வழக்கம் என்று தயங்கியவர்கள் வெண்பட்டைக் கிறிஸ்தவ வழக்கம் என்று ஏற்றார்கள். இரண்டும் ஏதோ ஓர் ஊரின் வழக்கங்கள்தான்.

துர்னோனின் அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் இருந்தது: ஒடுக்கப்பட்ட சாதியினர் நோயுற்றுக் கிடந்தால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே போய் அருளடையாளம் வழங்க வேண்டும். தாலிக் கயிற்றில் அவர் கண்டது மிகையாக இருக்கலாம். இந்தக் கட்டளையில் அவர் கண்டது உண்மை. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, நம் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவர்களும் தங்கள் பக்கத்துக்கு 'இது குடிமை வழக்கம்' என்ற சொல்லைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள். பண்பாடு என்ற பெயர் சொன்னவுடன் எல்லாவற்றையும் சபைக்குள் விட்டுவிட முடியாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே நமக்குப் பாடம் இருக்கிறது.

உறவுமுறையில் இந்த உரசல் மிக நுட்பமாகத் தெரியும். யார் யாரை மணக்கக் கூடாது என்ற பட்டியலை நம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம் தரவில்லை. அதை அவரவர் சபையின் சட்டத்துக்கு விட்டுவிட்டது. ஆங்கிலிக்கச் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், பட்டியலை 1563-இல் பேராயர் பார்க்கர் வகுத்தார். அதன்படி அத்தை மகளை மணக்கலாம், அக்காள் மகளை மணக்கக் கூடாது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு அத்தை மகளும் பெரியப்பா மகளும் ஒன்றே, இருவரையும் மணக்கலாம். தமிழன் ஒருவனிடம் பெரியப்பா மகளை மணக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், காதைப் பொத்திக்கொள்வான். அவள் அவனுக்குத் தங்கை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ அத்தை மகளையும் மாமன் மகளையுமே தடுத்து, ஆயரிடம் விலக்குப் பெற்றால் அனுமதிக்கிறது. இறந்த மனைவியின் தங்கையை மணப்பது இங்கே தாயற்ற பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆறுதலாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தில் அது 1907 வரை சட்டப்படி செல்லாத திருமணம்.

வழிபாட்டு நாளைக்கூட நாட்டின் நாட்காட்டிதான் வைக்கிறது. துபாயில் இருக்கும் நம் பிள்ளைகள் "வெள்ளிக்கிழமை சர்ச்சுக்குப் போனோம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளி விடுமுறை என்பதால் அங்குள்ள சபைகள் அன்று கூடின. 2022 சனவரி முதல் அமீரகம் சனி, ஞாயிறை வார விடுமுறையாக்கிய பிறகும் பழக்கம் முழுதும் மாறிவிடவில்லை. நேபாளத்தில் சபைகள் சனிக்கிழமை கூடுகின்றன. இலங்கையில் 1966-இல் ஞாயிறு விடுமுறையை நீக்கிப் பௌத்தர்களின் புனித நாளான போயாவை விடுமுறையாக்கியபோது, அங்குள்ள தமிழ்ச் சபைகளும் சில ஆண்டுகள் வேலை நாளில் அதிகாலையிலோ மாலையிலோ ஆராதனை நடத்த வேண்டியிருந்தது.

பண விஷயத்தில் ஜெர்மனி நமக்குத் திகைப்பூட்டும். நம் ஊரில் சந்தாவும் காணிக்கையும் விசுவாசிகள் கொண்டுவந்து கொடுப்பது. அங்கே வருமான வரியோடு சேர்த்து, அதில் 8 அல்லது 9 விழுக்காட்டை அரசே சபை வரியாகப் பிடித்துத் திருச்சபைக்குக் கொடுக்கிறது. வேண்டாம் என்பவர் அரசு அலுவலகத்தில் சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி விலகியவர் நற்கருணை பெற முடியாது என்று அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் 2012-இல் ஆணையிட்டார்கள். ஒரு வரிப்படிவம் ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஓர் அரசோடு சபை எவ்வளவு நெருங்கிக் கட்டுண்டிருக்கிறதோ அவ்வளவு அது காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதற்கு நம் சபையே சான்று. இங்கிலாந்துத் திருச்சபை திருத்தி எழுதிய ஜெபநூலை அந்நாட்டு நாடாளுமன்றம் 1927-இலும் 1928-இலும் நிராகரித்தது. அதே 1927-இல் இயற்றப்பட்ட இந்தியத் திருச்சபைச் சட்டம் இங்குள்ள ஆங்கிலிக்கச் சபையை அந்தப் பிடியிலிருந்து விடுவித்தது. அந்த விடுதலை இல்லாமல், 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையின் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்திருக்க முடியாது. நம் சபை 1976-இல் பெண்களைக் குருக்களாக்கியது, 2013-இல் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. இங்கிலாந்து முதல் பெண் பேராயரை 2015-இல்தான் கண்டது. சமாதானத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வழங்கும் நம் வழக்கம், கீழைச் சபைகளிடமிருந்து நாம் 1950-ஆம் ஆண்டின் வழிபாட்டு முறையில் எடுத்துக்கொண்டது; அது பிறகு மேலைச் சபைகளுக்கும் போனது.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. ஒருமுறை ஒரு தாய், தன் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள், ஆனால் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டாம் என்று என் மேசை முன்னால் நின்று கேட்டார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றார். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் வைக்கப்படுகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று மறுக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அவருடைய ஞானஸ்நானப் பதிவு முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தத் தாய் கேட்டதன் பொருள் உங்களுக்குப் புரியும். வழியில் தண்ணீரைக் கண்டு "இதோ தண்ணீர் இருக்கிறதே" என்று எத்தியோப்பிய மந்திரி அந்த நிமிடமே பெற்றுக்கொண்ட ஞானஸ்நானம், உத்தரப் பிரதேசத்தில் 2021 முதல் 60 நாள் முன்னறிவிப்பை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த பிறகே நடக்க வேண்டிய செயலாகிவிட்டது. சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டங்களில் முதலாவது ஒடிசாவில் 1967-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த சட்டம் 2004-இல் கைவிடப்பட்டது. நாங்கள் அந்தச் சிறுவனின் பெயரை எழுதினோம்; எழுதாமல் ஞானஸ்நானம் கொடுக்க எங்கள் ஒழுங்கில் இடமில்லை என்றோம். நாங்கள் செய்தது சரிதானா என்று இன்றும் என் மனம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஆனால் அரசின் சட்டம் எப்போதும் சபையை நெருக்குவதாகவே இருப்பதில்லை. சில இடங்களில் நம்மைத் திருத்துகிறது. குருவிடம் பாவ அறிக்கை செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் மீற முடியாத சட்டம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 2019-இலும் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2020-இலும், குழந்தைகள்மேல் நிகழும் பாலியல் குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாலும் குரு காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றின. நம் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், அறிந்தவர் எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குருக்களுக்கு விலக்கு எழுதவில்லை. ஞாயிறு பள்ளி நடத்தும் எந்தச் சபையும் இதைச் சுமையாக நினைக்கக் கூடாது. ஒலிபெருக்கி வழக்கும் அப்படியே: மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு பெந்தெகொஸ்தே சபையின் சத்தத்தை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியிலோ மேளத்தோடோ ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டு நோயாளி தூங்க வேண்டும் என்று நம் கமிட்டிகளே முன்கூட்டி யோசித்திருக்க வேண்டியது அது.

இப்போது உங்கள் மகளின் திருமணத்துக்கு வருகிறேன். நகராட்சி மண்டபத்தில் தலைவர் குடிமைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவை வாசிப்பார்: கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மதிப்பும் விசுவாசமும் உதவியும் துணையும் தரக் கடமைப்பட்டவர்கள் என்று அது சொல்கிறது. நம் திருமண ஆராதனையின் வாக்குறுதிக்கும் அதற்கும் வெகுதூரம் இல்லை. அந்த நேரத்திலும் நீங்கள் மனதுக்குள் ஜெபிக்கலாம். மாப்பிள்ளை கத்தோலிக்கர், உங்கள் மகள் சி.எஸ்.ஐ. என்பதால் கத்தோலிக்க ஆயரின் அனுமதி தேவைப்படும். ஞானஸ்நானச் சான்றையும், அவள் திருமணமாகாதவள் என்ற உங்கள் போதகரின் கடிதத்தையும் இப்போதே வாங்கி அனுப்புங்கள். இங்கே உங்கள் ஆலயத்தில் மூன்று ஞாயிறும் ஓலை வாசிக்கச் சொல்லுங்கள். அவளை வளர்த்த சபையின் காதில் அவள் பெயர் விழட்டும். தாலியை மட்டும் நகராட்சி மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். அதைப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே காட்டி, ஆசீர்வதித்துத் தரும்படி கேளுங்கள். புதுச்சேரிக் குடும்பங்கள் அங்கே பல இருப்பதால் அது என்னவென்று அவர் அறிந்திருக்கவும் கூடும். வாக்குறுதி முடிந்ததும், பீடத்தின் முன்னால், மாப்பிள்ளையின் அக்காள் பின்னால் நின்று கூந்தலை ஒதுக்கிக் கொடுக்க, மூன்று முடிச்சு போடட்டும்.